ஓட்டின் மேல் ஓடும் நீருக்கு எந்தக் கணித மாதிரி?

"சார், நுண்துளைப் பரப்பின் மேல் மென்படல ஓட்டம் என்று தலைப்பு எடுத்துவிட்டேன். வழுக்கல் நிபந்தனை போடட்டுமா, பிரிங்க்மன் சமன்பாடு எழுதட்டுமா?"

காரைக்குடிப் பக்கம் பயன்பாட்டுக் கணிதம் நடத்தும் என்னிடம் ஆண்டுதோறும் இரண்டு மூன்று ஆய்வு மாணவர்களாவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். நுண்துளைகள் உள்ள பரப்பின் மேல் நீர் மெல்லிய படலமாக ஓடும்போது, பரப்பில் நீர் வழுக்குவதாக எழுதுவதா, துளைகளுக்குள் ஓடும் நீருக்கும் தனிச் சமன்பாடு எழுதுவதா என்பதே கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பரப்பு?" பல நேரம் அதற்குப் பதில் இருப்பதில்லை. முன்பே வெளியான ஒரு கட்டுரையின் சமன்பாட்டை எடுத்து, காந்தப்புலத்தையோ வெப்பத்தையோ ஓர் உறுப்பாகச் சேர்த்து, மறுபடி தீர்ப்பது என்று முடிவாகியிருக்கும். பரப்பு எது என்ற பேச்சே அதில் வராது. எனக்கு இது உண்மையான வருத்தம். செட்டிநாட்டில் இருப்பவர் நுண்துளைப் பரப்பைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஒரே வளவுக்குள் நாட்டு ஓடு, ஆத்தங்குடிக் கல், மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், முற்றத்துக் கருங்கல், கொல்லைப்புறச் சரளை என்று ஐந்து பரப்புகள் இருக்கின்றன. ஐந்தும் தண்ணீரை ஐந்து விதமாக நடத்துகின்றன.

கைவசம் இருக்கும் மாதிரிகளும் ஐந்துதான். துளைகளை அடியோடு மறந்துவிடுவது. துளைகளை ஒரு வழுக்கலாக மாற்றிக்கொள்வது. துளைகளை ஓர் இழப்பாக வைப்பது. படலத்தையும் அடியிலுள்ள அடுக்கையும் இரண்டு மண்டலங்களாகச் சேர்த்துத் தீர்ப்பது. ஒவ்வொரு துளையையும் கணினியில் வரைந்து முழுக் கணிப்பு செய்வது. இவற்றில் எதை எடுப்பது என்று தடுமாறுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

மாதிரியைத் தொடுவதற்கு முன் படலத்தின் தடிமனைக் கணக்கிடுங்கள். 1916-இல் ஜெர்மானியப் பொறியாளர் நுஸ்ஸெல்ட், ஆவி குளிர்ந்து சுவரில் வழியும் படலத்துக்காக எழுதிய சூத்திரம் இன்றும் போதும். தடிமனின் மூன்றாம் படி என்பது மூன்று மடங்கு பாகுநிலை பெருக்கல் ஓட்ட அளவு, வகுத்தல் சரிவின் திசையில் உள்ள ஈர்ப்பு முடுக்கம். இங்கே பாகுநிலை என்பது அடர்த்தியால் வகுத்த இயக்கப் பாகுநிலை. ஓட்ட அளவு என்பது ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு எவ்வளவு நீர் என்பது.

ஐப்பசி அடைமழையை எண்களில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 36 மி.மீ. மழை, 30 பாகைச் சரிவு, உச்சியிலிருந்து இறவாரம் வரை 4 மீட்டர் நீளக் கூரை, 30 பாகை செல்சியஸ் நீர். நாட்டு ஓட்டில் நீர் பள்ளங்களில் கூடி ஓடும் என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுத் தட்டையான சரிவாகவே எடுத்துக்கொள்கிறேன். இறவாரத்தில் படலத்தின் தடிமன் 0.27 மி.மீ. வருகிறது. சராசரி வேகம் நொடிக்கு சுமார் 15 செ.மீ. ரேனால்ட்ஸ் எண், அதாவது ஓட்ட அளவைப் பாகுநிலையால் வகுத்தது, 50.

இந்தத் தடிமன் கைக்கு வந்த பிறகு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று, வழுக்கல் விகிதம். பொருள் தன் துளைகள் வழியே நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதே உட்புகுதிறன். அதன் வர்க்கமூலம் ஒரு நீளம். பரப்பின் அருகே ஓட்டம் எவ்வளவு ஆழத்துக்குத் துளைகளை உணர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நீளம் படலத் தடிமனில் எத்தனை சதவீதம்?

இரண்டு, அடியோட்ட விகிதம். உட்புகுதிறனை அடுக்கின் கனத்தால் பெருக்குங்கள். படலத் தடிமனின் மூன்றாம் படியில் மூன்றில் ஒரு பங்கோடு அதை ஒப்பிடுங்கள். எது பெரியதோ அந்த வழியாகத்தான் நீர் போகிறது.

மூன்று, உறிஞ்சும் நேரம். பரப்பு காய்ந்திருந்தால் நீர் மேலே தங்கத் தொடங்க எத்தனை நிமிடம் ஆகும்? உங்கள் மழையோ பரிசோதனையோ அதைவிட நீண்டதா, குறுகியதா?

நான்கு, அலை. வழவழப்பான சரிவில் ரேனால்ட்ஸ் எண், சரிவுக் கோணத்தின் கோடேஞ்சன்டில் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டினால் படலத்தில் அலை எழும். 1957-இல் பெஞ்சமினும் 1963-இல் யீயும் காட்டிய வரம்பு இது. 30 பாகைக் கூரையில் அந்த வரம்பு 1.44 தான். நம் எண் 50. எனவே கூரையில் ஓடும் நீர் அலையடித்துக்கொண்டுதான் இறங்கும். நூற்றுக்கு ஒன்று வாட்டம் விட்ட முற்றத்திலோ வரம்பு 83. முற்றத்தில் நேரடியாக விழும் மழை மட்டும் 4 மீட்டர் ஓடினால், துளியின் மோதலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1 மி.மீ. படலமாக அமைதியாக வடியும். கூரை நீரும் வந்து கலந்து ஓட்டம் இரண்டு மடங்கானால் வரம்பு தாண்டிவிடும். ஒரே வீடு, ஒரே மழை, ஆனால் கூரைக்கும் முற்றத்துக்கும் வேறு கணிதம்.

இந்த நான்கோடு, ஆய்வாளர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்தாவது கேள்வியும் உண்டு: மாதிரியில் வரும் எண்களில் எத்தனையை என்னால் அளக்க முடியும்? அளக்க முடியாத எண் ஒவ்வொன்றும் பிற்பாடு கட்ட வேண்டிய கடன்.

## துளைகளை மறந்துவிடும் மாதிரி

நுஸ்ஸெல்ட் படலத்தையோ அதன் நேரம் சார்ந்த வடிவமான, படலம் மெல்லியது என்று கொண்டு எளிமையாக்கிய மசகுக் கோட்பாட்டுச் சமன்பாட்டையோ அப்படியே எடுத்துக்கொள்வது. தரையில் வேகம் சுழி. அளக்க வேண்டியவை சரிவும் ஓட்டமும் மட்டுமே.

இதை எடுக்கப் பலரும் கூசுகிறார்கள், "புதுமை இல்லை" என்பார்களே என்று. ஆனால் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவருக்கும், நனைந்து நிறைந்துவிட்ட ஓட்டுக்கும் இதுதான் சரி. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று அரைத்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவரில் கையை வைத்துப் பார்த்தவருக்கு, அதற்கு வழுக்கல் நிபந்தனை எழுதத் தோன்றாது.

மறைந்த செலவு அலையில் இருக்கிறது. ரேனால்ட்ஸ் எண் 50 என்னும்போது எளிய மசகுச் சமன்பாடு போதாது. பென்னியின் 1966-ஆம் ஆண்டு நீளலைச் சமன்பாடு வரம்புக்கு அருகில் அழகாக வேலை செய்யும். வரம்பைக் கொஞ்சம் தாண்டினால் தீர்வு முடிவிலிக்குப் பாய்ந்துவிடும். ஷ்காதோவின் 1967-ஆம் ஆண்டுத் தொகைமுறை அப்படி உடையாது. ஆனால் அலை தொடங்கும் வரம்பை ஆறில் ஐந்துக்குப் பதில் ஒன்று என்று தருகிறது. ரூயர்-கில், மான்வில் இருவரும் 2000-இல் தந்த எடையிட்ட எச்ச முறையில் அந்தப் பிழை இல்லை. கூரை அலைதான் உங்கள் ஆய்வு என்றால் அங்கே தொடங்குங்கள். (இந்த அலைகளை முதலில் பொறுமையாகப் படம் பிடித்து அளந்தவர் சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் கபித்சா. அரசின் கோபத்துக்கு ஆளாகி, ஆய்வகத்தை இழந்து, ஊர்ப்புற வீட்டில் இருந்த காலத்தில் மகன் செர்கேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்த வேலை அது. கருவி இல்லை என்று தயங்கும் மாணவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.)

## துளைகளை வழுக்கலாக மாற்றும் மாதிரி

பீவர்ஸும் ஜோசப்பும் 1967-இல் செய்த பரிசோதனையிலிருந்து வந்தது. நுண்துளைப் பரப்பில் நீரின் வேகம் சுழியாக இருப்பதில்லை. மேலே உள்ள வேகச் சரிவுக்கு ஏற்ப அது வழுக்குகிறது. வழுக்கல் நீளம் என்பது உட்புகுதிறனின் வர்க்கமூலத்தை ஒரு கெழுவால் வகுத்தால் வருவது. 1971-இல் சாஃப்மன், துளைகள் வழியே ஊறும் நீரின் வேகத்தை (டார்சி வேகம்) பொதுவாக விட்டுவிடலாம் என்று காட்டி இதை மேலும் எளிதாக்கினார். படலச் சமன்பாட்டில் ஒரே ஓர் உறுப்புதான் கூடுகிறது: ஓட்டம், வழுக்கல் நீளத்தின் மூன்று மடங்கைப் படலத் தடிமனால் வகுத்த அளவுக்கு அதிகமாகும்.

எழுதுவதற்கு எளிது, தீர்ப்பதற்கும் எளிது. அலையின் நிலைத்தன்மையைக் கையால் கணக்கிட்டுவிடலாம். 1999-இல் பாஸ்கல் சாய்ந்த நுண்துளைத் தளத்துக்கு அதைச் செய்து, உட்புகுதிறன் கூடினால் அலை சீக்கிரமே எழும் என்று காட்டினார். மாணவர்கள் இதன் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

ஆனால் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சுட்ட மண் ஓட்டின் உட்புகுதிறனை 10⁻¹⁴ சதுர மீட்டர் என்று வைத்தால் அதன் வர்க்கமூலம் 0.1 மைக்ரோமீட்டர். கெழுவை மிகத் தாராளமாக 0.1 என்றே எடுத்தாலும் வழுக்கல் நீளம் 1 மைக்ரோமீட்டர்தான். 0.27 மி.மீ. படலத்தில் ஓட்டம் கூடுவது 1 சதவீதம். மழையளவை அளப்பதில் வரும் பிழையே அதைவிடப் பெரியது. நாட்டு ஓட்டுக்கு வழுக்கல் மாதிரி எழுதுவது, இல்லாத ஒன்றுக்கு ஆய்வேடு எழுதுவதாகும்.

வழுக்கல் பொருள்படும் இடம் வேறு. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருப்பதால், நுண்துளை மின்வாய்களைப் பற்றிப் படிப்பவர்கள் இந்த ஊரில் எப்போதும் உண்டு. கார்பன் இழைக் கம்பளம் போன்ற பொருளுக்கு உட்புகுதிறன் 10⁻¹⁰ சதுர மீட்டர் என்று வைத்தால் வர்க்கமூலம் 10 மைக்ரோமீட்டர். அதே 0.27 மி.மீ. படலம், கெழு 1 என்றால், ஓட்டம் 11 சதவீதம் கூடும். இது அளவிடத் தக்கது.

மறைந்த செலவும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. கெழு 1 என்றேன்; 0.1 என்று வைத்தால் அதே கணக்கில் ஓட்டம் 111 சதவீதம் கூடுகிறது. பீவர்ஸும் ஜோசப்பும் அளந்தபோதே ஒரு வகை மட்பாண்டப் பொருளுக்கு 0.1, உலோக நுரைகளுக்கு 0.78 முதல் 4 வரை என்று கெழு பரந்து கிடந்தது. அது பொருளின் குணம் மட்டுமல்ல. மேற்பரப்பை எப்படி வெட்டினோம், எல்லைக் கோட்டை எந்த உயரத்தில் வரைந்தோம் என்பதையும் பொறுத்தது. நான் இளைஞனாக இருந்தபோது எழுதிய ஒரு கட்டுரையில் கெழுவுக்கு வசதியாக ஓர் எண்ணை வைத்துவிட்டேன். மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: இந்த எண் எங்கிருந்து வந்தது? எட்டு மாத வேலைக்கு அந்தக் கேள்வி நியாயமான முடிவுதான். அதன் பிறகு அளக்காத கெழுவை நான் எங்கும் எழுதியதில்லை.

## துளைகளை இழப்பாக வைக்கும் மாதிரி

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். மாணவர்கள் குறைவாக எடுப்பதும் இதைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடந்தது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வயதான கொத்தனார், இறக்கி வைத்த ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து, சொம்புத் தண்ணீரை அதன் மேல் மெல்லச் சாய்த்தார். சிவப்பாக இருந்த ஓடு தண்ணீர் பட்ட இடத்தில் கருத்தது. மெல்லிய சீறல் ஒலி கேட்டது. பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் எழுந்து உடைந்தன. ஓட்டின் நுனியிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. அவர் நிறுத்தவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, நிறம் மாறுவது நின்ற பிறகு, நுனியில் முதல் சொட்டு திரண்டது. "ஓடு முதலில் குடிக்கும் தம்பி. அதன் தாகம் தீர்ந்த பிறகுதான் தண்ணீர் ஓடும்" என்றார்.

அவர் சொன்னதன் கணிதம் இது. காய்ந்த நுண்துளைப் பொருள் உறிஞ்சும் நீரின் மொத்த அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். லூக்காஸ் 1918-இலும் வாஷ்பர்ன் 1921-இலும் நுண்புழைகளுக்கு இதைக் காட்டினார்கள். மண்ணில் நீர் இறங்குவதற்கு 1911-இலேயே கிரீனும் ஆம்ப்டும் எழுதிய மாதிரியும் தொடக்கத்தில் இதே விதியைத்தான் தருகிறது. விகித எண்ணை உறிஞ்சுகெழு என்போம். படலச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் மழை கூட்டல், உறிஞ்சல் கழித்தல். அவ்வளவே.

சுட்ட மண்ணுக்கு உறிஞ்சுகெழு 1.5 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம், அதாவது முதல் நிமிடத்தில் 1.5 மி.மீ. நீர், நான்கு நிமிடத்தில் 3 மி.மீ. நம் மழை நிமிடத்துக்கு 0.6 மி.மீ. உறிஞ்சும் வேகம் மழை வேகத்துக்குக் கீழே இறங்கும் கணம், உறிஞ்சுகெழுவின் வர்க்கத்தை மழை வேகத்தின் வர்க்கத்தில் இரு மடங்கால் வகுத்தால் வரும். இங்கே 3.1 நிமிடம். அதுவரை கூரையில் படலமே கிடையாது. விழும் மழை முழுவதும் ஓட்டுக்குள் போகிறது. ஓட்டின் கனம் 12 மி.மீ., துளைகளின் பங்கு கால்வாசி என்றால் அது தாங்குவது 3 மி.மீ. நீர். கணக்கைத் தொடர்ந்தால் ஐந்தரை நிமிடத்தில் ஓடு நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கூரைக்கு நுண்துளை என்ற பேச்சே இல்லை; பழைய நுஸ்ஸெல்ட் போதும். மூன்றாம் நிமிடத்துக்கும் ஐந்தரை நிமிடத்துக்கும் இடைப்பட்ட அந்த இரண்டரை நிமிடம்தான் உண்மையில் ஆய்வுக்குரிய பகுதி.

ஈர்ப்பை விட்டுவிட்டோமே என்று கேட்கலாம். 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையின் நுண்புழை இழுப்பு 14 மீட்டருக்கும் மேற்பட்ட நீர் உயரத்துக்குச் சமம். 12 மி.மீ. ஓட்டில் ஈர்ப்பு அதன் முன் ஒன்றுமில்லை.

இதற்கும் மறைந்த செலவுகள் உண்டு. முதலாவது, தொடக்க ஈரம். காலையில் பெய்த மழையின் ஈரம் மாலையில் ஓட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் உறிஞ்சுகெழு பொய்யாகிவிடும். இரண்டாவது, சிக்கிய காற்று. கொத்தனார் காட்டிய குமிழிகள் வெளியேற வழி இல்லாத இடத்தில் துளைகள் முழுதும் நிறைவதில்லை. மூன்றாவது, அடுக்கு. நாட்டு ஓட்டை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி வேய்கிறார்கள். கீழ் ஓடு மேல் ஓட்டைத் தொடும் இடத்தில் மட்டுமே குடிக்கும். மொத்தக் கொள்ளளவை ஓட்டின் எண்ணிக்கையால் பெருக்கிவிட முடியாது. நான்காவது, ஈர முனை. காய்ந்த பரப்பில் முன்னேறும் நீர்முனையில், வேகம் சுழி என்ற நிபந்தனையை வைத்தால் தகைவு முடிவிலியாகிவிடும் என்று 1971-இல் ஹூவும் ஸ்கிரிவனும் காட்டினார்கள். எண்முறையில் தீர்ப்பவர் முனைக்கு முன்னால் மிக மெல்லிய ஓர் ஈரப்படலம் இருப்பதாகவோ சிறு வழுக்கல் இருப்பதாகவோ வைத்தாக வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்த மாதிரி இன்னொரு பாடம் சொல்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமென்ட் மணல், அதன் மேல் ஈரக் கலவை என்று அடுக்கி அழுத்தி எடுப்பதால் அதன் முகம் ஒரு பொருள், முதுகு இன்னொரு பொருள். மெருகேறிய முகத்தில் வைத்த சொட்டு நிற்கும். முதுகில் வைத்த சொட்டு இறங்கிவிடும். ஒரே கல்லின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே உறிஞ்சுகெழுவை எழுதிவிடாதீர்கள்.

## இரண்டு மண்டலங்களைச் சேர்த்துத் தீர்க்கும் மாதிரி

மேலே நீர்ப்படலம், கீழே நுண்துளை அடுக்கு, இரண்டிலும் தனித்தனிச் சமன்பாடு. கீழே டார்சி விதி: துளைகளுக்குள் நீரின் வேகம், அதைத் தள்ளும் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1856-இல் டீஜோன் நகரின் நீர் வழங்கல் பற்றிய அறிக்கையில் டார்சி எழுதியது. அல்லது அதோடு பாகுநிலை உறுப்பைச் சேர்த்த பிரிங்க்மன் சமன்பாடு.

அடியோட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில் இதைத் தவிர்க்க முடியாது. கழுவிய பருமணலோ சரளையோ 5 செ.மீ. பரப்பிய சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். உட்புகுதிறன் 10⁻⁹ சதுர மீட்டர். இரண்டாம் அளவுகோலைப் போட்டால் அடியோட்டத் திறன் நம் படலத்தைப் போல ஏழரை மடங்கு. அதாவது அந்த மழைக்கு நீர் மேலே தலைகாட்டவே காட்டாது. அங்கே மென்படலச் சமன்பாடு எழுதுவதே பிழை. சரளைக்குள் ஓடும் நீர்மட்டத்துக்குத்தான் சமன்பாடு வேண்டும். சரளை 6 அல்லது 7 மி.மீ. கனமே இருந்தால்தான் இரண்டு வழிகளும் சமமாகும். இரு மண்டல மாதிரி பலன் தருவது அங்கேதான். சரளை பருத்துவிட்டால் டார்சியும் போதாது. 1901-இல் ஃபோர்கைமர் சேர்த்த வர்க்க உறுப்பு வேண்டியிருக்கும். ஓட்டிலோ அடியோட்டம் படலத்தின் லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

பிரிங்க்மன் சமன்பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுக்கு தடித்ததாக இருந்தால், அதைத் தீர்த்து மேலே கிடைப்பது வழுக்கல் நிபந்தனையேதான். கெழு மட்டும், துளைக்குள் உள்ள பயனுறு பாகுநிலைக்கும் நீரின் பாகுநிலைக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலமாக அமைகிறது. பத்துப் பக்கக் கணக்கு செய்து ஒரு கெழுவை இன்னொரு கெழுவாக மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். பீவர்ஸ்–ஜோசப் அளந்த 0.1 என்ற கெழுவை இதிலிருந்து பெற வேண்டுமானால் பயனுறு பாகுநிலை நீருடையதில் நூறில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அதற்கு இயற்பியல் பொருள் சொல்வது கடினம். துளைகளின் பங்கு மிக அதிகமான கம்பளம், உலோக நுரை போன்றவற்றுக்கே பிரிங்க்மன் நம்பத் தக்கது. நெருக்கமான ஓடு, செங்கல், கல் வகைகளுக்கு அல்ல.

எல்லையில் தகைவு தாவுகிறது என்று 1995-இல் ஒச்சோவா-டாபியாவும் விட்டேக்கரும் சொன்ன நிபந்தனையைச் சேர்த்தால் அளக்க முடியாத இன்னொரு கெழு வந்து சேரும். எண்முறையில் இன்னொரு சுமையும் உண்டு: எல்லையருகே உட்புகுதிறனின் வர்க்கமூல அளவுக்கு ஒரு மெல்லிய அடுக்கைக் கண்ணி பிரித்தாக வேண்டும். ஓட்டுக்கு அது 0.1 மைக்ரோமீட்டர், கூரையோ 4 மீட்டர்.

## ஒவ்வொரு துளையையும் வரையும் முழுக் கணிப்பு

கன அளவுப் பின்ன முறையிலோ லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையிலோ துளைகளுக்குள்ளும் மேலேயும், நீரோட்டத்தின் அடிப்படையான நவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை நேரே தீர்ப்பது. கெழு எதுவும் வேண்டாம் என்பது இதன் பெரிய பலம்.

1 மி.மீ. கனசதுரத்தை 1 மைக்ரோமீட்டர் கண்ணியாகப் பிரித்தால் 100 கோடிக் கண்ணிகள். கூரையை இப்படிக் கணிக்க நினைக்கவே முடியாது. சிறு துண்டுக்குச் செய்து, அதிலிருந்து வழுக்கல் கெழுவையோ உட்புகுதிறனையோ எடுத்து எளிய மாதிரியில் வைப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். துளைகளின் முப்பரிமாணப் படமும், நீர் துளைச் சுவரைத் தொடும் கோணமான தொடுகோணமும் இல்லாமல் தொடங்கினால், அழகான வண்ணப் படங்கள் கிடைக்கும்; ஓட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

## ஒரே பார்வையில்

| மாதிரி | அளந்தாக வேண்டியவை | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| துளைகளை மறப்பது | சரிவு, ஓட்டம் | அலை எழுந்தால் உயர்ந்த முறை தேவை | மெருகுச் சுவர், கருங்கல் முற்றம், நிறைந்த ஓடு |
| வழுக்கல் | உட்புகுதிறன், வழுக்கல் கெழு | கெழு பத்து மடங்கு மாறினால் விடையே மாறும் | ஏற்கெனவே நனைந்த கம்பளம், நுரை |
| இழப்பு | உறிஞ்சுகெழு, கனம், துளைப் பங்கு, தொடக்க ஈரம் | சிக்கிய காற்று, அடுக்கு, ஈர முனை | காய்ந்த ஓடு, செங்கல், ஆத்தங்குடிக் கல்லின் முதுகு |
| இரு மண்டலம் | உட்புகுதிறன், அடுக்கின் கனம், எல்லைக் கெழுக்கள் | பயனுறு பாகுநிலை, நுண்ணிய கண்ணி | மெல்லிய சரளை, மணல் |
| முழுக் கணிப்பு | துளைகளின் படம், தொடுகோணம் | கணினி நேரம் | சில மி.மீ. துண்டு, பிற மாதிரிக்கான கெழு |

## உங்கள் நிலைமைக்கு எது?

ஆய்வேடு முழுவதும் பகுப்பாய்வுக் கணிதமாகவே இருக்க வேண்டும், பரிசோதனைக்கு வழியில்லை என்றால் வழுக்கல் மாதிரியை எடுங்கள். ஆனால் பொருளை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். கெழுவை ஒரே எண்ணாக வைக்காமல் 0.1 முதல் 4 வரை ஓடவிட்டு, விடை எவ்வளவு ஆடுகிறது என்பதையே முடிவாக எழுதுங்கள்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் பொறியாளருக்கோ கட்டடக் கலைஞருக்கோ விடை தேவை என்றால் இழப்பு மாதிரி. மழை தொடங்கி எத்தனை நிமிடத்தில் முற்றத்து வடிகாலுக்கு நீர் வரும் என்பதை அது மட்டுமே சொல்லும். மின்வாய்ப் பூச்சு, வடிகட்டி போன்ற தொழில்நுட்பப் பொருள் என்றால் முதலில் துளைப் பங்கைக் கேளுங்கள். மிக அதிகமாக இருந்தால் பிரிங்க்மன், குறைவாக இருந்தால் வேண்டாம். காய்ந்த நிலையில் நீர் படுகிறதா, நனைந்த நிலையிலா என்பதையும் கேளுங்கள். கம்பளமே ஆனாலும் காய்ந்திருந்தால் வழுக்கலுக்கு முன் உறிஞ்சல் வந்துவிடும்.

வழுக்கலையும் உறிஞ்சலையும் சேர்த்து எழுதலாமே என்கிறார்கள். எழுதலாம். ஆனால் எண் அனுமதித்தால் மட்டும். ஓட்டுக்கு வழுக்கல் 1 சதவீதம், உறிஞ்சல் முதல் மூன்று நிமிடத்துக்கு 100 சதவீதம் என்று தெரிந்த பிறகும் இரண்டுக்கும் சம இடம் கொடுப்பது வாசகரைத் திசை திருப்புவதாகும்.

இந்த ஆண்டு ஒரு மாணவி பிரிங்க்மன் சமன்பாட்டோடு வந்தார். பரப்பு எது என்று கேட்டேன். தேவகோட்டைப் பக்கம் பாட்டி வீட்டுக் கூரை என்றார். ஒரு பழைய ஓட்டைக் கொண்டுவரச் சொன்னேன். வெயிலில் நன்றாகக் காய வைத்து, தட்டில் 3 மி.மீ. தண்ணீர் ஊற்றி, ஓட்டைச் சிறு குச்சிகளின் மேல் படுக்க வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துத் துடைத்துச் சமையலறைத் தராசில் வைத்தார். எடை கூடிய அளவை ஓட்டின் அடிப்பரப்பால் வகுத்து, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே புள்ளி வைத்தார். தொடக்கத்தில் புள்ளிகள் நேர்கோட்டில் ஏறின. அந்தக் கோட்டின் சாய்வுதான் உறிஞ்சுகெழு. பிறகு ஓட்டின் மேல்முகத்தில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தெரிந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அந்த நேரத்தில் கோடு வளைந்து படுத்தது. "சார், நிறைந்துவிட்டது" என்றார். வளைந்த இடத்தின் உயரம் ஓட்டின் கொள்ளளவு. மாதிரிக்கு வேண்டிய இரண்டு எண்களும் ஒரே தாளில் இருந்தன. இப்போது அவர் இரண்டாவது ஓட்டை முதல் ஓட்டின் மேல் ஏற்றி வைத்து அதே அளவையை மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.